முளை காய்ந்துதான் இருந்தது

நான் வேலை பார்த்த நீர்விளையாட்டு முகாமின் இப்போதைய பொறுப்பாளர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார். என்னிடம் துடுப்புப் பிடிக்கக் கற்றவர்தான். ஓடைக்கு மேலே மலையில் இருக்கிற கிராமத்தில் செல்போன் சிக்னல் எடுக்க ஆரம்பித்துவிட்டதாம். இனி அங்கே ஓர் ஆளை உட்கார வைத்து, மழை இறங்கினால் உடனே கீழே பேசச் சொல்லப் போகிறார்கள். நல்ல காரியம் என்றேன்.

"அதோட அந்த முளை அடிக்கிற பழக்கத்தையும் விட்டுடலாம்னு இருக்கோம் மாஸ்டர். ஒரு ஆளு கண் அசந்தா முடிஞ்சுபோச்சு. நமக்கே ஒருதடவை அனுபவம் இருக்கே. அந்தக் கதையை நீங்க நம்ம தமிழ்ச் சங்க மலர்ல எழுதினீங்கன்னா, ஏன் விடறோம்னு எல்லாருக்கும் புரியும்."

எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். அவர் போன பிறகு பேனாவை எடுத்தேன், முதல் வரியே வரவில்லை. ஏனென்றால் அன்று யாருடைய கண்ணும் அசரவில்லை.

நான் உடற்கல்வியில் முதுகலை முடித்தவன். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து புனேவுக்கு ஒரு பள்ளியின் விளையாட்டு ஆசிரியராக வந்தேன். தேஹு ரோட்டில் குடியிருந்தேன். பள்ளிக் குளத்தில் நீலநிற ஓடுகளுக்கு நடுவே நீச்சல் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போன நேரத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜாதவ் சாரின் முகாமில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

முகாம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. புனேவுக்கு மேற்கே முல்ஷி பக்கத்து மலையில் பாறை வெடிப்பிலிருந்து ஒரு ஊற்று கோடையிலும் வற்றாமல் வரும். அது ஓடையோடு சேர்கிற இடத்தில் ஆழமான ஒரு தேக்கம். அங்கத்து மக்கள் டோஹ் என்பார்கள். எங்கள் பக்கம் அதைக் கசம் என்போம். கரையில் புல்வெளி, அதில் எங்கள் கூடாரங்கள். பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் வார இறுதிக் கூட்டங்கள் வரத் தொடங்கும். நீந்துவார்கள், கயாக் என்கிற ஒற்றை ஆள் படகை ஓட்டுவார்கள், பிட்லாவும் பாக்ரியும் சாப்பிட்டுவிட்டுக் கூடாரத்தில் படுப்பார்கள். அந்த நீரில் முதல் முறை இறங்குகிறவர்கள் எல்லோரும், வயது வித்தியாசம் இல்லாமல், ஒரே மாதிரி கத்துவார்கள். அத்தனை குளிர். கொஞ்ச நேரத்தில் அதே ஆட்களை வெளியே கூப்பிடுவதுதான் கஷ்டம். கயாக்கில் உட்கார்ந்தால் இடுப்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். தண்ணீர் நம்மைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது தொடையில் தெரியும். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் வேலையில் இருந்தேன்.

ஆனால் பயம் எப்போதும் கூடவே இருந்தது. அதைக் கற்றுக்கொடுத்தவர் ஜாதவ் சார். ராணுவத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. தோளில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. காலையில் யாரையும் தண்ணீரில் விடுவதற்கு முன் கரையில் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் கயாக்குகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் காத்திருப்போம். பிறகு குனிந்து முகம் கழுவி, துண்டால் துடைத்து, "ம்" என்பார். அந்த "ம்" வராத நாட்களும் உண்டு. காரணம் சொல்ல மாட்டார். வந்த கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே மலையேறப் போகும். அவருக்குக் கோபம் வந்தால் "டீக் ஆஹே", அதாவது சரி, என்று மட்டும் சொல்லித் துண்டை நான்காக மடிப்பார். அந்தத் துண்டு மடிவதைப் பார்த்தால் நான் கயாக்குகளைக் கழுவப் போய்விடுவேன்.

அவருடைய முக்கியமான ஏற்பாடு, முளை. கூடாரத்துக்கு அடிக்கிற இரும்பு முளைதான். நடுவில் சிவப்பு வண்ணத்தில் ஒரு பட்டை. அலை அதிகம் வராத ஒரு பாறை மடிப்பில், நீர்விளிம்பில், பட்டை தண்ணீருக்கு மேலே நிற்கும்படி அடித்து வைப்பார். அதன் அருகே எங்களில் ஒருவர் கழுத்தில் விசிலோடு உட்கார வேண்டும். குளிக்கிறவர்களைப் பார்க்கக்கூடாது. பேச்சுக் கொடுக்கக்கூடாது. முளையை மட்டும் பார்க்க வேண்டும். பட்டை நனைந்து, நனைந்தபடியே இருந்தால், நீளமாக ஒரே ஊது. விசில் கேட்டால் எல்லோரும் வலது கரைக்கு வர வேண்டும். கயாக் போனால் போகட்டும்.

"தண்ணி கலங்குறதைப் பாத்தா போதாதா சார்?" என்று நான் ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன்.

"மேலே வெள்ளம் வந்தால், அது தனக்கு முன்னால் இருக்கிற நல்ல தண்ணியைத்தான் முதலில் தள்ளும். உயரம் முன்னால் வரும், கலங்கல் பின்னால் வரும். கலங்கல் தெரிந்த பிறகு உனக்கு நேரம் இல்லை பாபா," என்றார்.

இன்னொரு விதியும் இருந்தது. முளையை இடம் மாற்றுவதென்றால் முதலில் எல்லோரும் கரையேற வேண்டும். தண்ணீரில் ஒருவர் இருந்தாலும் முளையில் கை வைக்கக்கூடாது.

முளையை மராத்தியில் குண்ட்டி என்பார் அவர். தமிழ்க் குடும்பங்கள் வரும்போது அந்தச் சொல்லைக் கேட்டதும் பெண்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். எங்களோடு வேலை பார்த்த முருகேசன்தான் ஒருநாள் அவரிடம் போய்ச் சொன்னான்: "சாஹேப், மதராஸி லோக் முன்னால அதை முளைன்னே சொல்லிடுங்க. இல்லாட்டி நம்மளை ஒரு மாதிரியா பாக்குறாங்க." அர்த்தத்தைக் கேட்டுவிட்டு ஜாதவ் சார் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அது முளைதான்.

முருகேசன் புனே போபோடிக்காரன். வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே வந்த குடும்பம். தமிழும் இந்தியும் மராத்தியும் அவன் வாயில் ஒரே பாஷை. என்னைவிட இளையவன், என்னைவிட நல்ல நீச்சல்காரன். கூட்டத்தைச் சிரிக்க வைப்பதில் அவனுக்கு நிகர் இல்லை. ஆனால் முளைக்கு முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆள். ஒருமுறை முதுகுப்பக்கமாகப் போய்த் தோளைத் தொட்டேன். தலை திரும்பவில்லை. "போ மாஸ்டர். நான் டூட்டில கீறேன்," என்றான்.

சம்பவம் நடந்தது அக்டோபரில், பருவமழை திரும்பிப்போகும் காலத்தில். காலை முழுக்க வெயில் அடித்துவிட்டு மதியத்துக்கு மேல் மலைக்குப் பின்னால் இடி கட்டும். ஜாதவ் சாரின் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை. அவர் நகரத்துக்குப் போயிருந்தார். முகாம் முதல் தடவையாக என் பொறுப்பில் இருந்தது.

வந்திருந்தவர்கள் சாகண் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பொறியாளர்கள், பெரும்பாலும் தமிழர்கள். மழையால் முன்பே ஒருமுறை தள்ளிப்போன பயணம். அவர்களுடைய மேலாளர் வாய் ஓயாத மனிதர். முளையை அடித்து முருகேசனை உட்கார வைத்ததும் ஆரம்பித்தார்.

"என்ன மாஸ்டர், மீன் பிடிக்கவா ஆளை வச்சிருக்கீங்க? தூண்டிலைக் காணோமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்னை எங்கோ குத்தியது. ஜாதவ் சாரிடம் யாரும் இப்படிப் பேசத் துணிந்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் கவிதா என்று ஒரு பெண். கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நீச்சல் தெரியாது. முதலில் கரையை விட்டு நகர மாட்டேன் என்றாள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, கயாக்கில் உட்கார வைத்து, நானே கசத்தை ஒரு சுற்றுத் தள்ளிக்கொண்டு போனேன். அப்புறம் அவளே துடுப்பை வாங்கிக்கொண்டாள். "சார், இது நானாங்க ஓட்டறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சாப்பாட்டுக்குக்கூட இறங்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முருகேசன் டீ குடித்துவிட்டு வர விசிலை என்னிடம் கொடுத்தான். அவன் இடத்தில் உட்கார்ந்தேன். பின்னால் மேலாளரின் குரல் கேட்டது: "ஆள் மாறியாச்சு! இப்பவாவது மீன் மாட்டுதா பாப்போம்." திரும்பிப் பார்த்தேன். கூடாது என்று தெரிந்தும் பார்த்தேன். மறுபடி முளையைப் பார்த்தபோது சிவப்புப் பட்டை நனைந்திருந்தது.

தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. தலைக்கு மேலே வெயில். சற்று முன்பு இரண்டு கயாக்குகள் அந்தப் பக்கம் உரசிக்கொண்டு போயிருந்தன. அலையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அலை என்றால் பட்டை நனைந்து, வடிந்து, மறுபடி நனையும். இது நனைந்தே இருந்தது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இன்று சொல்ல மாட்டேன். விசிலை வாயருகே கொண்டுபோனேன். ஊதினால் எல்லோரும் அலறியடித்து வெளியே வருவார்கள். ஒன்றும் நடக்காமல் போனால் அந்த மனிதர் பஸ் புனே போய்ச் சேரும்வரை என்னை வைத்துச் சிரிப்பார். என் பயம் அந்த இடத்தில் மாறிப்போனது. தண்ணீரைக் கண்டு பயப்பட வேண்டியவன் ஒரு கேலியைக் கண்டு பயந்தேன்.

முளையைப் பிடுங்கினேன். ஒரு சாண் மேலே, அடுத்த பாறை மடிப்பில், கல்லால் தட்டி இறக்கினேன். பட்டையைச் சட்டை நுனியால் துடைத்தேன்.

ஏன் துடைத்தேன் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். முருகேசன் பார்த்துவிடக்கூடாது என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. அவன் வந்தான், விசிலை வாங்கிக்கொண்டான். "சப் டீக், மாஸ்டர்?" என்று கேட்டான்.

"எல்லாம் சரி," என்றேன். நீரில் இறங்கிக் கவிதாவின் கயாக் பக்கம் நீந்தினேன்.

முருகேசன் முளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். நான்தான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேனே. தண்ணீர் ஏறுவது என் தோளில் தெரிந்தது. முன்பு கால் எட்டிய கல் இப்போது எட்டவில்லை. கரையோரப் பாறையில் அவர்கள் கழற்றி வைத்திருந்த செருப்புகளில் ஒன்று மிதந்து போனது. யாரோ சிரித்துக்கொண்டே அதை எட்டிப் பிடித்தார்கள். கவிதா கசத்தின் வாயருகே, ஓடை குறுகிக் கீழே இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். "இப்படி வாம்மா" என்று கூப்பிட்டேன். கத்திக் கூப்பிடவில்லை. கத்தினால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று அப்போதும் நினைத்தேன்.

விசில் கேட்டது. நீளமான ஒரே ஊது. அதோடு சேர்ந்தே மேலேயிருந்து ஓர் இரைச்சல், லாரி கல்லைக் கொட்டுவதுபோல. திரும்பிப் பார்த்தபோது டீ நிறத் தண்ணீர் பாறை வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

கரையருகே இருந்தவர்கள் ஏறிவிட்டார்கள். மேலாளர் இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்துப் போட்டதைப் பார்த்தேன். அதையும் சொல்ல வேண்டும். கவிதாவால் கயாக்கை விட முடியவில்லை. படகை விடு என்று சொல்லிக்கொடுத்திருந்தோம். ஆனால் அன்று முழுக்க அவளைத் தாங்கியது அந்தப் படகுதான். அதை எப்படி விடுவாள்? கயாக் பக்கவாட்டில் திரும்பி, ஓடை வாயில் விழுந்து கிடந்த அத்திமரத்தில் போய் அறைந்தது. வெள்ளம் அதை மரத்தோடு வைத்து அழுத்தியது. அவள் கால்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் அவள் தாடையில் இருந்தது.

ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்தேன். அந்தப் பட்டை விரல்களை அறுத்தது. இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன். அவள் முகம் என் முகத்துக்கு எதிரே இருந்தது. தண்ணீர் மேலே வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள், இறங்கும்போது பேசுவாள்.

"கையை உட்றாதீங்க சார்."

"விட மாட்டேன்மா."

"உட்றாதீங்க."

என் விரல்கள் ஒவ்வொன்றாக உணர்விழந்து வந்தன. எவை இன்னும் பிடித்திருக்கின்றன, எவை விட்டுவிட்டன என்று தெரியவில்லை. வாழ்க்கையில் அதற்கு இணையான பயத்தை நான் அறிந்ததில்லை. இவள் போய்விடுவாள், நான் அந்த ஒரு சாணோடு உயிரோடு இருப்பேன் என்ற பயம்.

அப்போது முருகேசன் வந்தான். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறு முனையைக் கரையில் இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டு, மரத்தின் மேற்புறமாகக் குதித்தான். முழுகி, கயாக்குக்கு அடியில் தோளைக் கொடுத்து, அதைத் தூக்கினான். எப்படித் தூக்கினான் என்று எனக்குத் தெரியாது. அவள் கால்கள் வெளியே வந்தன. மூவரும் கயிற்றோடு உருண்டு கரையில் போய் விழுந்தோம். அவளுக்குத் தோள்மூட்டு விலகியிருந்தது. உயிர் இருந்தது. தண்ணீரைக் கக்கிவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாகிட்டச் சொல்லிறாதீங்க."

முளை வெள்ளத்தோடு போய்விட்டிருந்தது.

மறுநாள் ஜாதவ் சார் வந்தார். கரையில் உட்கார்ந்தார். எங்கள் எல்லோரையும் உட்காரச் சொன்னார். மேலாளர் நடந்ததைச் சொன்னார், பொய் இல்லாமல். விசிலுக்கு வெகு முன்பே தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது, செருப்பு வைத்த கல்கூட முழுகிவிட்டது என்றார்.

ஜாதவ் சார் முருகேசனைப் பார்த்தார். "செருப்பு மிதந்திருக்கிறது. உனக்குத் தெரியவில்லையா?"

"சாஹேப், நான் முளையைத்தான் பாத்துகினு இருந்தேன். முளை காஞ்சுதான் இருந்துச்சு. நனைஞ்ச உடனே ஊதினேன்."

"கல் முழுகி, முளை எப்படிக் காய்ந்திருக்கும்?"

முருகேசன் என் பக்கம் திரும்பினான். என்னைப் பார்த்தான். குற்றம் சாட்டும் பார்வை இல்லை அது. இவருக்குத் தெரிந்திருக்கும், இவர் சொல்வார் என்கிற பார்வை. ஜாதவ் சாரும் என் பக்கம் திரும்பினார்.

"நான் தண்ணியில இருந்தேன் சார்," என்றேன்.

"டீக் ஆஹே."

துண்டு நான்காக மடிந்தது. முருகேசன் தானாகவே விசிலைக் கழற்றி அவர் முன்னால் வைத்தான். "கண்ணு ஏமாத்திடுச்சு போல சாஹேப்," என்றான். கவிதாவைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என்று என்னை எல்லோரும் பாராட்டினார்கள். அவளுடைய பெற்றோர் கோயம்புத்தூரிலிருந்து வந்து என் கையைப் பிடித்து அழுதார்கள். முளையைப் பிடுங்கிய அந்தக் கையைத்தான் பிடித்தார்கள்.

முருகேசன் முகாமை விட்டு ஒரு கிடங்கில் வேலைக்குப் போனான். தீபாவளிக்கு அவன் வீட்டுக்குப் போவேன். போகாமல் இருக்கவும் முடியவில்லை. அவன் மாறியிருந்தான். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பூட்டைப் பார்ப்பான். பிறகு மகளைக் கூப்பிட்டு, "பூட்டிருக்கா, நீ பாத்து சொல்லு" என்பான். சாலையைக் கடக்கும்போது வண்டி வருகிறதா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பான். கேஸ் அடுப்பு அணைந்ததை மனைவி வந்து சொன்னால்தான் தூங்குவான். பள்ளியில் நீச்சலில் சேர மகள் கையெழுத்துக் கேட்டபோது மறுத்துவிட்டான். "நான் பக்கத்துல நின்னாலும் எனக்குத் தெரியாது மாஸ்டர். பாத்துகினே இருப்பேன், அவ போயிடுவா," என்றான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஜாதவ் சார் இறந்து, முகாம் முழுவதுமாக என் பொறுப்புக்கு வந்தபோதும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் முளையை நானே அடித்தேன், நானே பக்கத்தில் உட்கார்ந்தேன். மிகவும் கண்டிப்பானவர் என்று பெயர் வாங்கினேன்.

போன வாரம் போபோடிக்குப் போனேன். முருகேசன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எனக்கும் ஒன்று எடுத்துப் போட்டான். டீ வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பட்டை நனைந்தது, நான் பிடுங்கியது, ஒரு சாண் மேலே அடித்தது, துடைத்தது, எல்லாம்.

அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போகச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ முளை காஞ்சுதான் இருந்துச்சு," என்றான்.

"ஆமா."

"நான் பாத்துகினேதான் இருந்தேன்."

"ஆமா முருகேசா. நீ பாத்துக்கிட்டேதான் இருந்த."

உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டான். இப்போது கல்லூரி முடித்து வேலைக்குப் போகிற பெண். கையில் டீயோடு வந்து நின்றாள்.

"இவ முன்னால சொல்லு. முதல்லேர்ந்து."

மாஸ்டர் என்று சொல்லவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது கடினமாக இருந்தது. முடித்ததும் அவள் டம்ளரை எனக்குக் கொடுக்காமல் அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

"அன்னிக்கு அங்கே இருந்தவங்க எல்லாம் இன்னும் இந்த ஊர்லதானே கீறாங்க," என்றான் முருகேசன். "அவங்களுக்கும் சொல்லிடு."

அதனால் எழுதுகிறேன். அன்று வந்திருந்த பலர் இந்த மலரைப் படிப்பவர்கள். கவிதாவும் படிக்கலாம். நீங்கள் செருப்பு மிதந்ததைப் பார்த்தீர்கள், விசில் தாமதமாக வந்ததைக் கேட்டீர்கள். இரண்டும் உண்மை. முளையை இடம் மாற்றியவன் நான். செல்போன் ஏற்பாட்டைத் தாராளமாகச் செய்யுங்கள். முளையை எடுக்காதீர்கள். அது கைவிடவில்லை, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவனும் கைவிடவில்லை.